சிற்றுருவும் வண்ணப் பேனாவும்

பெரியதொரு பொருளைச் சிறியதாகச் செய்து கையில் ஏந்திக் காணும் விருப்பம் மக்கட்கு இயல்பாக அமைந்தது. விமானம், கப்பல், மோட்டார் வண்டி முதலியவற்றைக் குறித்ததோர் அளவிற் சுருக்கி, உறுப்புகளை ஒட்டி, வண்ணம் தீட்டி அமைக்கும் மாதிரியுருக்கள் அவ்விருப்பத்தின் விளைவே ஆகும். ஜப்பான் நாட்டின் சிசுவோக்கா நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அந்நகரில் மரத்தால் மாதிரிகள் செய்துவந்த தமியா நிறுவனம், 1960ஆம் ஆண்டில் யமாட்டோ என்னும் போர்க்கப்பலின் மாதிரியைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. இன்று பல நாடுகளில் சிறுவரும் முதியோரும் இக்கலையில் ஈடுபட்டு மகிழ்கின்றனர்.

இவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. விளக்கு, கைப்பிடி, சன்னல் விளிம்பு போன்ற நுண்ணுறுப்புகளுக்கு வண்ணமிடத் தூரிகையே தக்கது. வண்ணப் பேனாவைக் கையாளுதல் சிறுபிள்ளைத்தனம் என்பர் ஒரு சாரார். பேனா இருக்கத் தூரிகை எதற்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முற்றும் பொருந்துவன அல்ல.

பேனாவின் அமைப்பை முதலில் நோக்குவோம். அதன் குழலினுள் வண்ணமும், அதனைக் கலக்கும் சிறு குண்டும் உள்ளன. குலுக்கினால் அடியில் தங்கிய நிறப்பொடி கலக்கும். முனையை அழுத்தினால் உள்ளடைப்புத் திறந்து வண்ணம் இறங்கும். புடைத்து நிற்கும் உறுப்பின்மேல் முனையைச் சாய்த்து மெல்ல இழுத்தால், வண்ணம் மேட்டில் மட்டும் படியும், பள்ளத்திற் பரவாது. தூரிகை பிடிக்கக் கை நடுங்கும் தொடக்கத்தாருக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி! இதனைக் கண்டு பிறர் எள்ளி நகையாடினால், அச்சிறுவன் கலையையே கைவிட்டு விடுவான். ஒரு கருவி எளிதாயிருப்பது அதன் குற்றமன்று. பயன்படுத்துவோன் குற்றமும் அன்று.

எனினும், பேனா எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பது பிழை. 1:24 என்னும் அளவில் அமைந்த வண்டியில், ஒரு மில்லிமீட்டர் கோடு உண்மை வண்டியில் 24 மில்லிமீட்டருக்கு நிகராகும்; சன்னலின் ரப்பர் விளிம்புக்கு அது போதும். 1:72 அளவில் அமைந்த விமானத்திலோ, அதே கோடு 72 மில்லிமீட்டருக்கு நிகராய்த் தடித்துத் தோன்றும். அவ்வளவில் ஆறடி மனிதன் ஓரங்குல உயரமே உள்ளவன். அவன் கண்ணைப் பேனாவால் எழுதப் புகுந்தால் முகமே மறைந்துவிடும் அன்றோ?

மற்றுமோர் இடர் உண்டு. சில பேனாக்களின் வண்ணம், இறுதியில் மேலே பூசும் மெருகுநெய்யின் கரைப்பானால் இளகிக் கலங்கிவிடும். பல வாரம் வருந்திச் செய்த வேலை ஒரு கணத்திற் பாழாகும். ஆதலின், உதிரியான பிளாஸ்டிக்குத் துண்டில் வண்ணமிட்டு, நன்கு உலரவிட்டு, அதன்மேல் மெருகைப் பூசிப் பார்த்த பின்னரே மாதிரியில் கைவைத்தல் வேண்டும்.

இவ்வழக்கைத் தீர்க்கும் நடுவழி ஒன்று உளது. பேனாவின் முனையைத் தட்டில் அழுத்தி ஒரு துளி வண்ணத்தை இறக்கி, அதனை நுண்ணிய தூரிகையாலோ பல்குத்தியின் கூரிய முனையாலோ தொட்டு உரிய இடத்தில் வைக்கலாம். வண்ணம் பேனாவினுடையது, நுட்பம் தூரிகையினுடையது. பகைவர் எனக் கருதப்பட்ட இரண்டும் இங்கே நண்பராய் நின்று உதவுகின்றன.

ஆதலின் மாணவர்களே, கருவியைக் கொண்டு கலைஞனை அளத்தல் தகாது. செய்யும் வேலையின் அளவறிந்து, அதற்கேற்ற கருவியைத் தேர்ந்து, முன்னரே சோதித்துப் பொறுமையோடு செய்பவனே தேர்ந்த கலைஞன். இது மாதிரியுருவுக்கு மட்டுமன்றி, நீங்கள் மேற்கொள்ளும் எத்தொழிலுக்கும் பொருந்தும்.