எடை குறைந்த காரும் பழுதுபார்க்கும் செலவும்

வாகனத்தின் உடலை எஃகுக்குப் பதிலாக இழையாலும் பிசினாலும் அமைப்பது புதிய கனவன்று. 1953-இல் அமெரிக்காவின் கார்வெட் கண்ணாடி இழை உடலுடன் வெளிவந்தது. 1980-களில் பெங்களூருவின் சிபானி நிறுவனமும் டால்பின் என்னும் சிறு காரை அவ்வாறே கட்டியது. ஆயினும் நம் சாலைகளில் ஓடும் கார்களின் உடல் இன்றும் பெரும்பாலும் எஃகுத் தகடுதான்.

இந்நிலை மாற வேண்டும் என்பதே நம் எண்ணம். எஃகு, நீரைப் போல் ஏறத்தாழ 7.8 மடங்கு கனமானது. கார்பன் இழைக் கூட்டுப்பொருளோ 1.6 மடங்குதான். காரின் எடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 விழுக்காடு உயரும் என்பது பொறியியலாளர் கணக்கு. பெரும் மின்கலத்தைச் சுமக்கும் மின்சாரக் காருக்கு இந்த எடைக் குறைப்பு இன்னும் தேவை. எனினும் கார்பன் இழையின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. பயணியர் அறையையே அவ்விழையால் அமைத்து 2013-இல் வந்த பி.எம்.டபிள்யூ ஐ3 காரின் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. நமக்குக் கண்ணாடி இழையும், கதவின் உட்பலகை போன்றவற்றுக்குச் சணலும் போதும். சணலுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

நமது கவலை வேறு. எஃகுத் தகடு நசுங்கினால் டிங்கரிங் செய்பவர் தட்டி நிமிர்த்துவார். இழைப்பொருள் நசுங்குவதில்லை, விரிசல் விடும். சில வேளை மேற்பரப்பில் தடயமே இல்லாமல் உள்ளடுக்குகள் பிரிந்துவிடும். ஃபைபர் படகைச் செப்பனிடும் கைத்திறன் நம் கடற்கரைகளில் உண்டு. காரின் உயிர்காக்கும் பாகத்துக்கு அது மட்டும் போதாது, மீயொலிச் சோதனையும் வேண்டும். அவ்வசதி இல்லாத பணிமனை பாகத்தையே மாற்றச் சொல்லும்.

அப்போது காப்பீட்டின் சிறிய எழுத்துகள் பேசத் தொடங்கும். வழக்கமான விரிவான காப்பீட்டில் உலோகப் பாகத்துக்கு முதல் 6 மாதம் தேய்மானக் கழிவு இல்லை. கண்ணாடி இழைப் பாகத்துக்கோ முதல் நாளிலிருந்தே 30 விழுக்காடு கழிவு. பிளாஸ்டிக் பாகத்துக்கு 50. அத்தொகை, மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரின் கையிலிருந்தே போகிறது.

ஆகவே, பழுதுபார்க்கும் முறையையும் பாகங்களின் விலையையும் உற்பத்தியாளர்கள் விற்பனைக்கு முன்பே வெளியிட வேண்டும்; தொழிற்பயிற்சி நிலையங்கள் இழைப்பொருள் செப்பனிடுதலைப் பாடமாக்க வேண்டும். அதுவரை, வாகனக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் எப்பாகங்கள் இழைப்பொருள், அவற்றை மாற்ற என்ன செலவாகும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ எனப்படும் கூடுதல் காப்பின் கட்டணத்தையும் அப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.