முதல் மோட்டார் சைக்கிள் எது? எல்லை மலைப்பாதைகளில் விலையைவிடப் பிரேக்கே முக்கியம்

பாலக்காடு: 18 வயது நிறைந்து, கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர், மறுநாளே 100 சிசி வாகனத்தையும் ஓட்டலாம், 650 சிசி வாகனத்தையும் ஓட்டலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு காண்பதில்லை. எனவே, புதிதாக உரிமம் பெற்றவருக்கு எந்த வாகனம் பொருந்தும் என்ற முடிவு முழுவதும் அவரிடமும் அவரது குடும்பத்தினரிடமும் விடப்பட்டுள்ளது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டி வாழும் மக்களுக்கு இந்த முடிவு கூடுதல் கவனத்துக்குரியது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலிருந்து கோவைக்கும் பொள்ளாச்சிக்கும், குமுளி, தேவிகுளம், மறையூர் பகுதிகளிலிருந்து கம்பம், போடி, உடுமலைப்பேட்டைக்கும் கல்வி, வேலை, மருத்துவத் தேவைகளுக்காக மக்கள் எல்லையைக் கடக்கின்றனர். பாலக்காட்டில் அது சமவெளி நெடுஞ்சாலைப் பயணம். இடுக்கியில் அது மலைப்பாதைப் பயணம்.

மூன்று எல்லைக்கோடுகள்

இன்றைய விதிகள் எஞ்சின் திறனை வைத்து மூன்று எல்லைக்கோடுகளை வகுத்துள்ளன: 350 சிசி, 150 சிசி, 125 சிசி. முதலாவது வரிக்கானது, இரண்டாவது காப்பீட்டுக்கானது, மூன்றாவது பிரேக்குக்கானது.

2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் வரியுடன் சேர்த்து 31 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதமாக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலை 70,000 ரூபாயாக உள்ள வாகனம் முன்பு 89,600 ரூபாய்க்கு விற்றிருக்கும். இப்போது அது 82,600 ரூபாய். மிச்சம் 7,000 ரூபாய்.

காப்பீட்டில் வேறு கணக்கு. புதிய இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டும் என்ற நடைமுறை, உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2018 செப்டம்பர் முதல் உள்ளது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான வாகனத்துக்கு 5 ஆண்டு பிரீமியம் 3,851 ரூபாய். 150 சிசியைத் தாண்டி 350 சிசி வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117 ரூபாய். வரி இதற்குத் தனி. அதாவது 149 சிசி வாகனத்துக்கும் 160 சிசி வாகனத்துக்கும் இடையே காப்பீட்டுச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகிறது.

உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது மூன்றாவது கோடு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் அமைப்பு, 125 சிசிக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 2019 ஏப்ரல் முதல் முழுமையாகக் கட்டாயமாக்கப்பட்டது. 125 சிசி வரையிலான வாகனங்களுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களிலும் விசை பகிரப்படும் சிபிஎஸ் அமைப்பு போதும் என விடப்பட்டது. குறைந்த செலவில் முதல் வாகனம் வாங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இந்தப் பிரிவைத்தான்.

இந்த இடைவெளியை நீக்கும் நோக்கில், எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ் அமைப்பை 2026 ஜனவரி முதல் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூன் மாதம் வெளியிட்டது. புதிய வாகனத்துடன் இரண்டு தலைக்கவசங்களை வழங்கவும் அந்த வரைவு வகை செய்கிறது. எனினும், காட்சியகத்தில் ஏற்கெனவே நிற்கும் வாகனத்திலும் பழைய வாகனச் சந்தையில் கிடைக்கும் வாகனத்திலும் எந்தப் பிரேக் உள்ளது என்பதை வாங்குபவர்தான் கேட்டறிய வேண்டும்.

தேர்வு வாகனமும் சாலை வாகனமும்

கேரளத்தில் அண்மைக்காலம் வரை இன்னொரு முரண்பாடும் நிலவியது. உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகியும், பஜாஜ் எம்80 என்ற இலகுரக வாகனம் ஓட்டுநர் உரிமத் தேர்வுகளில் பரவலாகப் பயன்பட்டு வந்தது. அதில் கியர் கையால் மாற்றப்படும். எடை குறைவு என்பதால், கால் தரையில் படாமல் எட்டு வடிவப் பாதையைச் சுற்றிவருவது எளிது. அதில் தேர்ச்சி பெற்றவர், காலால் கியர் மாற்றும் மோட்டார் சைக்கிளைச் சாலையில்தான் முதன்முதலாகப் பழக நேர்ந்தது.

2024 பிப்ரவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையர் வெளியிட்ட சுற்றறிக்கை, கால் கியர் கொண்ட, 95 சிசிக்கு மேற்பட்ட வாகனத்தையே தேர்வுக்குப் பயன்படுத்த வேண்டும் எனக் கூறியது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் அந்தச் சுற்றறிக்கையின் பல அம்சங்களை எதிர்த்து 2024 மே மாதம் போராட்டத்தில் இறங்கின. பேச்சுவார்த்தைக்குப் பின் சில தளர்வுகள் அளிக்கப்பட்டன. எம்80 வாகனம் 2024 ஆகஸ்ட் 1 முதல் தேர்வுக் களத்திலிருந்து விடைபெற்றது.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கது என்றாலும், தேர்வுத் திடலில் கற்பது ஒன்று, மலைப்பாதை கேட்பது வேறொன்று. ஏற்றத்தில் நின்று புறப்படுதல், ஈரமான வளைவில் வேகம் குறைத்தல், பனிமூட்டத்தில் எதிர்வரும் பேருந்துக்கு வழிவிடுதல் ஆகியவற்றை எட்டு வடிவப் பாதை சோதிப்பதில்லை.

இறக்கத்தில் தெரியும் வேறுபாடு

கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில், போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமார் 1,000 மீட்டர் உயரம் அந்த இறக்கத்தில் கடக்கப்படுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இடுக்கி மலைகளை நனைப்பதால், ஆண்டின் கணிசமான பகுதியில் சாலை ஈரமாகவே இருக்கும்.

இத்தகைய இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பித் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். ஏறும்போது பயன்படுத்திய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்தோ நியூட்ரலில் விட்டோ இறங்குவது அந்தப் பாதுகாப்பை முற்றாக இழப்பதாகும். விரும்பிய கியரைத் தேர்ந்தெடுக்க இயலாத ஸ்கூட்டர்களில் எஞ்சின் தரும் இந்தத் தடுப்பு குறைவு. ஏபிஎஸ் அமைப்புக்கும் எல்லை உண்டு. தளர்ந்த சரளைக் கற்களின் மீது வாகனம் நிற்பதற்கான தூரத்தை அது குறைக்காது.

எடையும் ஒரு முக்கியக் காரணி. ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வாகனத்தின் எடை சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாகனத்தின் எடை சுமார் 195 கிலோ. வரிக் குறைப்பால் இரண்டுமே மலிவாகியுள்ளன. இருக்கை உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால், வளைவில் நின்றுவிட்ட வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடிக்கும் புதியவருக்கு அந்த 80 கிலோ வேறுபாடு மிகப் பெரிது.

பாலக்காட்டுப் பகுதியில் நிலைமை வேறு. வாளையாறு வழியாகச் செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் கனரக வாகனங்கள் அதிகம். பாலக்காட்டுக் கணவாயின் ஊடே வீசும் காற்று, கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. பக்கக் காற்றும், லாரி கடக்கும்போது எழும் காற்றழுத்தமும் மிக இலகுவான வண்டிகளைத் தள்ளும். அங்கு அன்றாடம் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு ஏபிஎஸ் கொண்ட 125 முதல் 160 சிசி வரையிலான வாகனம் கூடுதல் நிலைத்தன்மை தரும்.

எல்லை தாண்டி வாங்கும்போது

ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும். வாகனப் பதிவுக்கு அந்தச் சலுகை இல்லை. கேரளத்தில் வசிப்பவர் கோவையிலோ தேனியிலோ புதிய வாகனம் வாங்கினால், தற்காலிகப் பதிவுடன் கொண்டுவந்து சொந்த மாநிலத்தில் நிரந்தரப் பதிவு செய்து, அம்மாநில வரியைச் செலுத்த வேண்டும். பிற மாநிலப் பதிவெண் கொண்ட வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு அவசியம் எனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு கூறுகிறது. பழைய வாகனம் வாங்குவோர், விலை குறைவு என்பதற்காக எல்லை கடக்கும்முன் தடையில்லாச் சான்று, கடன் நிலுவை ஆகியவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

சிங்கப்பூர் காட்டும் வழி

தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் புதியவருக்கு 200 சிசி வரையே அனுமதி. ஓராண்டு அனுபவத்துக்குப் பின் தேர்வெழுதி 400 சிசி வரையும், மேலும் ஓராண்டுக்குப் பின் அதற்கு மேலும் செல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் எஞ்சின் ஆற்றலுக்கேற்பப் படிநிலை உரிமங்கள் உள்ளன. இந்தியாவில் 16 வயதினருக்கான 50 சிசி வரம்பைத் தவிர வேறு படிநிலை இல்லை.

2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் உயிரிழந்தோர் 50,029 பேர் என மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது.

வரியும் காப்பீடும் எஞ்சின் அளவைப் பார்க்கின்றன. ஓட்டுபவரின் அனுபவத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் கோட்டைக் குடும்பமே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. பல மாதிரிகளில் டிரம் பிரேக் வகைக்கும் முன்சக்கர டிஸ்க் பிரேக் வகைக்கும் உள்ள விலை வேறுபாடு சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. வரிக் குறைப்பில் மிஞ்சும் 7,000 ரூபாயை அடுத்த பெரிய எஞ்சினுக்குச் செலவிடுவதைவிட, நல்ல பிரேக்குக்கும் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற இரண்டு தலைக்கவசங்களுக்கும் செலவிடுவதே, மழைக்காலத்தில் போடிமெட்டு இறங்கும் இளைஞருக்கும் அவரை எதிர்நோக்கும் வீட்டாருக்கும் பயனளிக்கும்.