எண்ணெய்க் கிணற்று நீரில் விளையும் தோடை

எண்ணெய்க் கிணறு என்றதும் கறுப்பெண்ணெய் பீறிட்டெழும் காட்சியே மனக்கண்முன் தோன்றும். உண்மை வேறு. கலிபோர்ணியாவின் கேர்ண் ஆற்று எண்ணெய் வயலில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு ஏறத்தாழப் பத்துப் பீப்பாய் நீர் மேலே வருகின்றது. அதனை நீர் வயல் என்றழைத்தாலும் பிழையில்லை!

1899ஆம் ஆண்டிற் கையாலே தோண்டிய கிணறொன்றிற் கண்டறியப்பட்ட வயல் அது. அங்குள்ள எண்ணெய் பாகுபோலத் தடித்தது. ஆதலின் 1960களிலிருந்து நிலத்தினுள் நீராவியைச் செலுத்தி அதனை இளக்கி எடுக்கின்றனர். உடன்வரும் நீரை என்செய்வது? அயலிலோ மழை அருகிய நிலம். பாதாம், பிஸ்தா, தோடைத் தோட்டங்கள் நீருக்கு ஏங்கி நிற்பன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்நீரின் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, கவெலோ நீர் மாவட்டத்தின் வாயிலாகக் கமக்காரரைச் சென்றடைகின்றது.

முதலிற் பெருந்தொட்டிகளில் நீரைத் தங்கவிட, எண்ணெய் மேலே மிதக்கும், அதனை வழித்தெடுப்பர். எஞ்சிய நுண்துளிகளைக் காற்றுக் குமிழிகளால் மேலே கொணர்வர். அதற்கும் தப்பியவற்றைப் பிடிப்பது எது தெரியுமோ? வால்நட் கோது! உடைத்த கோது நிரப்பிய கலங்களினூடே நீர் செல்லுகையில் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். கோது வன்மையானது; அலசிக் கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். சிரட்டைக் கரியின் அருமை அறிந்த நமக்கு இது பெருவியப்பன்று. பின்னர் நன்னீர் கலந்து தோட்டங்களுக்கு விடுவர்.

ஆயினும் நீரிற் கரைந்துள்ள உப்பும் போரனும் கோதில் ஒட்டுவனவல்ல. கேர்ண் வயல் நீரில் உப்புக் குறைவு. அதனாலேயே இம்முயற்சி கைகூடிற்று. பிற எண்ணெய் வயல்கள் பலவற்றின் நீர் கடல்நீரினும் உவர்ப்பானது.

இந்நீர் பாய்ந்த பழத்தை உண்ணலாமா? கிணற்றில் எண்ணெய் கலந்த துயரை அனுபவித்த சுன்னாகத்து மக்களுக்கு இவ்வையத்தை விளக்க வேண்டியதில்லை. அப்பகுதியின் நீர்ச் சபை அறிஞர் குழுவொன்றை அமைத்து, பயிர்களையும் சோதிப்பித்தது. உண்போர்க்குக் கூடுதலான ஆபத்து எதுவும் புலப்படவில்லை என்பது 2021இல் வெளியான முடிவு. எண்ணெய் எடுக்கப் பயன்படும் இரசாயனங்கள் சிலவற்றின் நச்சுத்தன்மைபற்றிய தரவுகளோ போதியனவாக இல்லை. ‘புலப்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதை விஞ்ஞான மாணவர் நன்கறிவர்.

எனக்கு மண்ணைப் பற்றிய கவலையே பெரிதாகத் தோன்றுகின்றது. உப்பும் போரனும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அதிற் படியக்கூடும். நன்னீரை மிகுதியாகக் கலந்தால் அதனைத் தணிக்கலாம். வரட்சி ஆண்டிலோ கலப்பதற்கு நன்னீர் அரிதாகிவிடும். பயிர் நீருக்குத் தவிக்கும் அவ்வாண்டிலேயே உப்பும் மிகுதியாக மண்ணிற் சேரும்.