பேராசை என்று சொல்லாதீர்!

கைப்பேசியில் வேலை தேடுவது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. ஜாப்ஸ்டிரீட்டில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். பதில் வராதபோது புலனத்திலும் டெலிகிராமிலும் வரும் விளம்பரங்களைப் புரட்டுகிறோம். "அனுபவம் தேவையில்லை, வெளிநாட்டில் வேலை, தங்குமிடம் இலவசம்!" இதை நம்பி ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். இதை நான் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று அழைக்கப்பட்டனர். போய்ச் சேர்ந்ததோ எல்லைக்கு அப்பால், மியன்மாரின் மியாவாடிக்கு! அங்கே இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் தெரிவித்தது. மீட்கப்பட்டோரில் மலேசியர்களும் உண்டு. இக்கும்பல்கள் தேடுவது கணினியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை, அதாவது, நம்மை!

நான் திரிங்காப்பைச் சேர்ந்தவன். கேமரன் மலையில் வாழும் தமிழர்களுக்குக் கங்காணி என்ற சொல் அந்நியமானதன்று. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். தலைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றார். வந்தவர்களை முன்பணக் கடன் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. இன்றைய மோசடிக்காரர்களும் பயணச் செலவைக் கடனாகக் காட்டித்தான் ஆளைப் பிடித்து வைக்கிறார்கள்.

கங்காணியை நம்பிக் கப்பலேறிய நம் முன்னோரைப் பேராசைக்காரர்கள் என்கிறோமா? இல்லை, வறுமை என்கிறோம். அப்படியானால் பட்டமும் கல்விக் கடனும் கையிலிருக்க, வேலையின்றி வீட்டில் தவிப்பவரின் நெருக்கடி மட்டும் எப்படிப் பேராசையாகும்? நம் பழிச்சொல்லுக்கு அஞ்சி ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. அதனால் அதே வலையில் அடுத்தவரும் விழுகிறார்.

வேலைக்குச் சம்பளம் வாங்க வேண்டுமே தவிர, பணம் கட்டக்கூடாது. பதிவுக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று எப்பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். நிறுவனத்தின் பதிவை மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் சரிபாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடுங்கள். உங்கள் கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ யாருக்கும் இரவல் தராதீர்கள். பணம் பறிபோனால் உடனே 997 எண்ணை அழையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டிய காலம் ஒன்று தோட்டங்களில் இருந்தது. இன்று ஊரிலுள்ள தம்பி தங்கைகள் ஒரு வேலை விளம்பரத்தை நீட்டி, "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்டால், சிரிக்காமல் உட்கார்ந்து சரிபார்த்துச் சொல்வோம். ஏமாந்து வந்தவரிடம், "எப்படி நம்பினாய்?" என்று கேட்பதை விட்டு, புகார் கொடுக்கத் துணையாகச் செல்வோம். பல்கலைக்கழகம் வரை வந்த நாம் செய்ய வேண்டிய கடமை இது!