ஏட்டுச் சுரைக்காயும் கொல்லைச் சுரைக்காயும்

 

ஆடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஊன்றிய சுரை விதைகள் புரட்டாசியில் காய்க்கத் தொடங்கின. முதல் காயை அறுத்த அன்று வீடே மகிழ்ந்தது. ஐப்பசி மழை இறங்கியதும் நிலைமை மாறிவிட்டது. பந்தலில் காய், மதில்மேல் காய், இலை மறைவில் எவர் கண்ணிலும் படாமல் தடித்துத் தொங்கும் காய். சமையலறை மூலையில் ஏழெட்டுக் காய்கள் எப்போதும் கிடக்கின்றன. "இன்றும் சுரைக்காயா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். கொல்லையிலோ மாடியிலோ கொடி வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் அறிந்த கதைதான் இது.

இக்கதை பெரும்பாலும் குப்பைத்தொட்டியில் முடிகிறது. அதனினும் இழிவான முடிவு ஒன்று உண்டு. சென்ற ஆண்டு அதை நாங்களே செய்தோம்.

இளங்காய்களை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, எவரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்த முற்றிய காய்கள் ஐந்தைச் சாக்கில் கட்டி, எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மையாரிடம் கொடுத்தோம். அவரும் மறுக்காமல் வாங்கிச் சென்றார். ஒரு வாரம் கழித்து, காய் எப்படி இருந்தது என்று கேட்டோம். நன்றி கேட்கும் ஆசைதான், வேறென்ன? அவர் குரலில் கோபம் இல்லை; குத்தலும் இல்லை. "ஆட்டுக்கு வெட்டிப் போட்டேன் பாய், நல்லா தின்னுச்சு" என்றார்.

அந்த மூட்டையை நாங்கள் ஸதகா என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு விளக்கி வருகிறோம். பூமியிலிருந்து அல்லாஹ் வெளிப்படுத்தித் தந்தவற்றில் நல்லவற்றைச் செலவிடுங்கள். கெட்டதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள். அதையே உங்களுக்கு எவரேனும் தந்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்பது அதன் கருத்து. அது இறங்கிய பின்னணியை பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிப்பதாகத் திர்மிதீயில் காண்கிறோம். மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்ஸாரிகள் குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களான ஏழைகள் பசித்தபோது அவற்றிலிருந்து உண்பார்கள். நன்மையில் நாட்டமற்ற சிலர் சொத்தைக் குலையையும் முறிந்த குலையையும் கொண்டுவந்து மாட்டினர். அவர்களைக் கண்டித்தே அவ்வசனம் இறங்கியது. அந்தக் குலைக்கும் எங்கள் சாக்கு மூட்டைக்கும் என்ன வேறுபாடு? பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும் அந்த வசனம் எங்கள் கொல்லை வரை வந்து சேரவில்லை.

சுரைக்காயைப் பற்றிப் பேசுவதில் நம் சமுதாயத்துக்கு இணை கிடையாது. ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்ததும், வாற்கோதுமை ரொட்டியோடு சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பை அவர் முன்வைத்ததும், பாத்திரத்தின் ஓரங்களில் சுரைத்துண்டுகளைத் தேடித் தேடி அவர்கள் உண்டதும், அதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள் அன்றுமுதல் சுரைக்காயை விரும்பத் தொடங்கியதும் நம் வீட்டுச் சிறுவருக்கும் தெரிந்த ஹதீஸ். மீன் வயிற்றிலிருந்து வெளியேறிய யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழலாக அல்லாஹ் முளைக்கச் செய்த கொடி சுரைக்கொடியே என்று விரிவுரையாளர்கள் பலர் கூறுவதையும் அறிவோம். ஸுன்னத்தான காய் என்று மேடையில் புகழ்கிறோம். ஆனால் வலீமா விருந்தில் தால்ச்சாவிலிருக்கும் சுரைத்துண்டை இலையோரம் ஒதுக்கிவிட்டு, எலும்புத்துண்டைத் தேடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது நம்மைப் பார்த்துத்தானோ என்று ஐயம் எழுகிறது.

இதைச் சொல்லும்போது வழக்கமாக மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது: "மலிவான காய், இதைப் போய்க் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?" ஆட்டின் குளம்பானாலும் அண்டை வீட்டுப் பெண் தரும் அன்பளிப்பை அற்பமாகக் கருதவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களுக்கு அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பொருள் எளியது என்பது குற்றமாகாது. நல்லதை நமக்கு வைத்துக்கொண்டு கெட்டதைத் தள்ளிவிடுவதே குற்றம். இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். இளஞ்சுரைக்காயைக் கொடுக்க வெட்கப்படும் நாம், முற்றலைத் தள்ளிவிட வெட்கப்படுவதில்லை.

இரண்டாவது: "பக்கத்து வீட்டார் நம் மார்க்கத்தவர் அல்லரே!" அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சமைத்த உணவை நீட்டும்போது சைவமா அசைவமா, எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்ற தயக்கம் இரு பக்கமும் வரக்கூடும். கொடியிலிருந்து அறுத்த பச்சைக் காய்க்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. பெருநாளன்று மட்டும் பிரியாணி கொடுத்து உறவாடும் நமக்கு, எந்த வீட்டு அடுப்பிலும் ஏறக்கூடிய ஒரு பொருளை அல்லாஹ் கொல்லையிலேயே தந்திருக்கிறான்.

மூன்றாவது: "இதற்கு ஸகாத் கடமையில்லையே!" உண்மைதான். காய்கறிக்கு ஸகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நிலத்தில் விளையும் காய்கறிக்கும் உஷ்ர் உண்டு என்ற இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபிலும், வீட்டு முற்றத்தில் காய்ப்பதற்கு உஷ்ர் இல்லை என்றே சட்ட நூல்கள் கூறுகின்றன. ஆக, நம் கொல்லைக் காயைக் கணக்குக் கேட்டு எவரும் வரப்போவதில்லை. கடமை என்று ஒருவரும் கேட்காத இடத்தில் கொடுக்கிறோமா, எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் உள்ளம் வெளிப்படுகிறது.

ஆகவே, கொடி வைத்திருக்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள்.

காய் மிகுந்த பின் கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். மிகும் என்பது பிஞ்சு இறங்கும்போதே தெரியும். பிஞ்சு பிடித்து இரண்டு வாரத்துக்குள், நகம் எளிதில் இறங்கும் பருவத்தில் அறுத்துவிடுங்கள். அவ்வப்போது அறுத்தால் கொடி மேலும் காய்க்கும். முற்றவிட்டால் காய்ப்புக் குறையும். கொடுக்கக் கொடுக்கப் பெருகுவதைக் கண்ணாலேயே காணலாம். யாருக்கு முற்றலைக் கொடுக்க மனம் துணிகிறதோ, அவருக்கு முதல் இளங்காயைக் கொடுங்கள். கழுவித் துடைத்து, பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள். கொடுக்கும் பண்பு அவர்களிடமும் வளரும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கசக்கும் சுரைக்காய் நஞ்சாகும். அதைச் சமைத்தாலும் சாறு பிழிந்து குடித்தாலும் கேடு விளையும். சமைக்குமுன் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுமாறு பெறுபவரிடமும் சொல்லிவிடுங்கள். அப்படி எறிவது விரயமாகாது.

வீட்டில் எஞ்சியதைக் கூட்டாகவும் அடையாகவும் தால்ச்சாவாகவும் ஆக்குங்கள். இளந்தோல் துவையலுக்கு ஆகும். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினைவில் வையுங்கள். நல்ல காய் ஒன்றைக் கொடியிலேயே நெற்றாக விட்டு, அதன் விதையையும் பகிருங்கள்.

அப்படியும் முற்றிப்போனதை ஆட்டுக்கே போடுங்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். அதனால், சென்ற ஆண்டு அந்த அம்மையாரின் ஆடு தின்ற காய்கள் வீணாயின என்று நாம் சொல்லவில்லை. ஆட்டுக்குரியதை ஆட்டுக்கென்று சொல்லிக் கொடுத்திருந்தால் அதில் தவறே இல்லை. மனிதருக்கென்று கொடுத்தோமே, அதுதான் தவறு. அன்று அவருக்கு நாம் தரவேண்டியிருந்த கண்ணியம்தான் வீணாயிற்று.

இந்த ஆண்டு உறவினர் எவருக்கும் அனுப்புமுன் இளங்காய் இரண்டை அறுத்து அவரிடம் கொடுத்தோம். வாங்கியவர் எங்கள் எதிரிலேயே கட்டைவிரல் நகத்தைக் காயில் ஊன்றிப் பார்த்தார். நகம் இறங்கியது. சிரித்துக்கொண்டே முந்தானையில் கட்டிக்கொண்டார். அவர் சோதித்துப் பார்த்ததில் நமக்கு வருத்தமில்லை. அந்த உரிமையை அவருக்குக் கொடுத்ததே நாம்தானே!

நாம் விரும்புவதிலிருந்தே பிறருக்குக் கொடுக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.