கிழட்டு வண்டியின் மேல் பழி போடலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனிதனுக்கு வயதானால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. வண்டிக்கும் அப்படித்தான் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பழைய கார் ஒன்று வேகமெடுத்ததும் ஆட்டங்கண்டால், "பழசாகிப் போச்சு, ஆடத்தானே செய்யும்?" என்று சொல்லி இரும்புக் கடையில் விலை பேசுகிறோம். இது அறிவியலுக்குப் பொருந்தாத பேச்சு என்பது என் கருத்து. இரும்புக்கு மூப்பு என்று ஒன்றில்லை. தேய்வு உண்டு, தளர்வு உண்டு, துரு உண்டு. ஒவ்வொன்றும் இன்ன இடத்தில் இவ்வளவு என்று அளந்து சொல்லத்தக்கது. அளக்கக் கூடியதைத் தலைவிதி என்று கைகழுவுவது இயற்பியல் படிப்பவனுக்கு அழகன்று.

சென்ற தை மாதம் என் தாய்மாமன் ஓட்டும் வாடகை அம்பாசடர் காரில் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆத்தூருக்கு ஒரு திருமணத்திற்குப் போனோம். குழந்தைகளையும் சேர்த்து ஒன்பது பேர். டிக்கி மூடாத அளவுக்குச் சீர்ப் பாத்திரங்கள். உளுந்தூர்ப்பேட்டை நான்கு வழிச் சாலையில் ஏறி, முள் 70-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் படபடவென்று துடிக்கத் தொடங்கியது. முகூர்த்தத்திற்கு நேரமாகிவிட்டது என்று பின் இருக்கையிலிருந்து அவசரப்படுத்தினார்கள். மாமா 80-ஐத் தாண்டிக் கொண்டுபோனார். ஆச்சரியம், துடிப்பு குறைந்துவிட்டது! அதை நல்ல சகுனம் என்று எண்ணினோம். வாழப்பாடிக்குச் சற்று முன்னால் ஒரு பேருந்து எங்களை முந்திச் சென்றது. அதன் காற்று மோதியதும் காரின் பின்பகுதி இடமும் வலமுமாக வாலை வீசியது. ஒவ்வொரு வீச்சும் முன்னதைவிடப் பெரிது. மாமா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் தணிந்ததும் வண்டி தானாகவே அடங்கியது. ஓரமாக நிறுத்தியபோது அவருடைய சட்டை முழுவதும் நனைந்திருந்தது. என் அம்மா நெடுநேரம் பேசவே இல்லை.

அன்று நாங்கள் கண்டது ஒரு நோயன்று, இரண்டு. பலரும் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மருந்தும் தவறிப்போகிறது.

முதல் நோய் அந்தத் துடிப்பு. சக்கரத்தின் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் சுழலும்போது அது வெளிப்புறமாக இழுக்கும். அந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பது பி.யூ.சி. காலத்திலிருந்தே பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. அம்பாசடரின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.1 மீட்டர் உருளும். ரிம்மின் ஓரத்தில் 50 கிராம் மண் ஒட்டிக் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அது ஒரு கிலோ எடைக்கும் குறைவான விசையோடுதான் இழுக்கும். 72 கி.மீ.யில் அதுவே மூன்றரைக் கிலோ! அதுவும் வினாடிக்கு ஒன்பது, பத்துத் தடவை மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாக.

இந்த ஒன்பது, பத்து என்ற கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. காரின் சக்கரமும் அதைத் தாங்கும் அமைப்பும் தமக்கென ஓர் இயல்பு அதிர்வெண் கொண்டவை. அது வினாடிக்குச் சுமார் 10 முதல் 15 வரை இருக்கும். தூரியை அது வரும் தாளத்திற்கே தள்ளினால் சிறு குழந்தையும் பெரியவரை உயரத்தில் ஆட்டிவிட முடியும் அல்லவா? அதே ஒத்ததிர்வு இங்கே நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் துடிப்பதும், அதைத் தாண்டினால் குறைவதும் இதனால்தான். நல்ல ஷாக் அப்சார்பர் இருந்தால் அந்த ஆற்றலை விழுங்கிவிடும். டை ராடு எண்டும் ரப்பர் புஷ்களும் இறுக்கமாக இருந்தால் துடிப்பு கைக்கு வந்து சேராது. எங்கள் வண்டியில் ஒரு ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து வெறும் குழாயாக நின்றது. துடிப்பு குறைந்தபோது குறை நீங்கிவிட்டதாக நினைத்தோமே, அதுதான் எங்கள் அறியாமை.

இரண்டாவது நோய் வாலை வீசுவது. உயிரைக் குடிப்பது இதுதான். இதற்கு அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பின் எடை முனையில், இறகு வாலில். சற்றே கோணலாகப் பறந்தாலும் காற்று இறகைப் பிடித்து நேராக்கிவிடும். வாலில் ஒரு கல்லைக் கட்டி இறகையும் பிய்த்துவிட்டால் என்ன ஆகும்? காருக்குப் பின் டயர்களே இறகு. கார் சிறிது கோணினால் அந்த டயர்கள் பக்கவாட்டில் தரையைப் பற்றித் தள்ளி நேராக்குகின்றன. பின்பக்கம் பாரம் ஏறி, பின் டயரில் காற்றும் குறைந்தால் பற்று தளர்கிறது. முன் டயர் பிடிக்கும், பின் டயர் நழுவும். இத்தகைய காருக்கு ஒரு நெருக்கடி வேகம் உண்டு. அதற்குக் கீழே எந்தச் சிறு ஆட்டமும் தானே அடங்கும். அதற்கு மேலே தானே வளரும். நழுவல் மிகுமளவுக்கு அந்த வேகம் கீழிறங்கி வரும். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இவற்றையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வேகம் கூடக்கூட, ஆட்டத்தை அடக்கும் தன்மை எல்லாக் கார்களிலும் குறைகிறது. கார் எவ்வளவு விரைவாக முன்னோக்கி ஓடுகிறதோ, அவ்வளவுக்கு அதே பக்கவாட்டு அசைவு டயருக்குச் சிறிய கோணமாகத் தெரிகிறது; ஆகவே எதிர்ப்பும் சிறியதாகிறது. புதிய காரும் இதற்கு விலக்கன்று. புதியதில் கையிருப்பு அதிகம், பழையதில் அது தேய்ந்து போயிருக்கிறது, அவ்வளவே.

ஆத்தூரில் மெக்கானிக் பார்த்தபோது ஒரு பின் டயரில் 18 பவுண்டுதான் காற்று இருந்தது, மற்றதில் 26. காற்றுப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? மற்ற வேலைகளும் ஒரு பகலில் முடிந்துவிட்டன. ஆனால் அதற்குள் வீட்டார் அந்த வண்டியை விற்றுவிடுவது என்று முடிவே செய்திருந்தார்கள். அது மாமாவின் ஒரே பிழைப்பு.

வடிவமைப்பின் மேல் குற்றமே இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். சில கார்களில் உண்டு. அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேர் காரின் பின்சக்கர அமைப்பை ரால்ஃப் நேடர் 1965-ல் வந்த தம் நூலில் சாடினார். நம் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் பின்சக்கரங்கள் வளைவில் உள்வாங்கும் வகை அமைப்பு இருந்தது. அம்பாசடர் அப்படியல்ல. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி 1950-களின் பிற்பகுதியில் வந்து, 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவான அந்தக் காரில் பின்பக்கம் ஒரே திடமான ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். முரட்டு வேலை, எளிய வேலை. ஆனால் அது பிறந்த காலத்துச் சாலை வேறு. மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, புளிய மரத்தடியில் இளைப்பாறிப் போன சாலையில் 80 கி.மீ. என்பது எப்போதாவது வருவது. இன்றோ அது சாதாரணம். சாலையை அகலமாக்கினோம், அதே டை ராடு எண்டோடு அதில் ஏறிவிட்டோம்.

என் உண்மையான மனக்குறை இனிமேல்தான். வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கொரு முறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எப்.சி. வருகிறது என்றதும் நாம் முதலில் ஓடுவது பெயிண்ட் கடைக்கு! மினுக்கிவிட்டு, அடுத்தவர் வண்டியிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் டயர் மாட்டிக்கொண்டு போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் என்பது இங்கே தேவையில்லை. எந்திரங்களே சோதிக்கும் நிலையங்கள் வரும் என்று 2021-ல் அறிவித்தபோது வாகன உரிமையாளர் பலர் முணுமுணுத்தார்கள். நான் அதை வரவேற்கிறேன். வர்ணத்தைக் கண்டு எந்திரம் மயங்காது. அதே வேளையில், ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து நல்ல வண்டியைக் கழித்துக்கட்டுவதையும் ஏற்க மாட்டேன். ஒழுங்காகப் பராமரித்த இருபது வயது வண்டி, கவனிப்பாரற்ற ஐந்து வயது வண்டியைவிட நேராக ஓடும்.

விதிவிலக்கு ரப்பர். அது ஓடாமல் நின்றாலும் கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 3517 என்றால் 2017-ஆம் ஆண்டு 35-ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். பட்டன் தேயாமல் இருக்கிறது என்பதற்காகப் பத்து வருட டயரை நம்பக் கூடாது. இதை நம் ஊர் ஸ்டாண்டில் நான்கு ஓட்டுநர்களிடம் காட்டினேன். நால்வரும் உடனே எழுந்துபோய்த் தங்கள் டயரைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

மாமாவின் வண்டி இப்போது 80-இல் கம்பியாக ஓடுகிறது. ஆனாலும் அவர் 60-ஐத் தாண்டுவதில்லை. டிக்கியில் பாரம் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டு, "டேய் மாப்பிள்ளை, உன் அம்புக் கணக்குக்கு இது சரியா?" என்று கேலி செய்கிறார். அடுத்த மாதம் எப்.சி. வர்ணம் அடிப்பதற்கென்று பணம் எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பணத்தில் பின் டயர் இரண்டையும் மாற்றும்படி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அவர் சம்மதிக்கவில்லை.