சேர்வராயன் மலை குட்டையானது ஏன்?

ஏற்காட்டிலிருந்து ஒரு நேயர் அம்மையார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1994-ஆம் வருஷம் தம் மூத்த பெண்ணின் கல்யாணத்தை வீடியோ டேப்பில் பிடித்து வைத்திருந்தார்களாம். பிற்காலத்தில் அவருடைய புதல்வர் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி டி.வி.டி. தட்டாகச் செய்தார். பழைய டெலிவிஷனில் ஒழுங்காக ஓடிய அந்தத் தட்டைப் புதிய அகலத் திரையில் போட்டதும் கோளாறுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. மாப்பிள்ளை முதல் நாதஸ்வரக்காரர் வரையில் எல்லோரும் பருத்துப் போனார்கள். பின்னால் தெரியும் சேர்வராயன் மலையோ குட்டையாகிவிட்டது. யாராவது கையை வீசி நடந்தால் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போல் கோடுகள் தோன்றுகின்றன. கல்யாண பஸ் மலைப் பாதையில் ஏறும் இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. "காலஞ்சென்ற என் கணவர் நடமாடுவதை அந்தத் தட்டில்தான் பார்க்கலாம். அதை எறிந்துவிட வேண்டியதுதானா?" என்று கேட்கிறார் அம்மையார்.

எறியவே வேண்டாம். இந்த மூன்று கோளாறுகளில் இரண்டு பெரும்பாலும் காட்டும் இடத்தில் உள்ளவை. மூன்றாவது மாத்திரமே தட்டுக்குள் பதிந்து போனது. எது எங்கே இருக்கிறதென்று பிரித்தறிவதுதான் வைத்தியத்தில் பாதி.

முதலில் பருமனைக் கவனிப்போம். பழைய டெலிவிஷன் திரை நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம் கொண்டது. இக்காலத்துத் திரை பதினாறுக்கு ஒன்பது. ஆனால் நம் நாட்டு டி.வி.டி. தட்டில், படம் எந்த வடிவமானாலும், பதிவது ஒரே அளவுதான்: அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி. இதை எந்த வடிவத்தில் விரித்துக் காட்டுவது என்பதைத் தட்டிலுள்ள ஒரு சிறு குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பு தவறாயிருந்தாலும், சரியான குறிப்பைத் திரை மதியாவிட்டாலும், அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உயரமோ அப்படியே நிற்கும். ஆகவே மனிதர் பருக்கிறார். 5,000 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மலை சரிந்து உட்காருகிறது.

ரிமோட்டில் பட வடிவத்தை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3 என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்; அதுவே சரி. பயன்படாவிட்டால் தட்டை ஓட்டும் பெட்டியின் அமைப்புகளில் டெலிவிஷன் வடிவம் என்ன என்றிருக்கிறதென்று பாருங்கள். கம்ப்யூட்டரில் வி.எல்.ஸி. என்ற இலவசப் புரோகிராமில் பார்ப்பவர்கள் 'ஏ' எழுத்தைத் தட்டினால் வடிவம் மாறும். தட்டிலுள்ள குறிப்பே தவறென்று தெரிந்தால் அதை மட்டும் திருத்தி வேறு தட்டில் எழுதிக் கொள்ளலாம். படத்தைத் தொட வேண்டியதில்லை.

கறுப்புப் பட்டை கண்ணை உறுத்துகிறதென்று படத்தை இழுத்து நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய அந்த ஸ்டூடியோவிலிருந்துதான், தமிழில் முதல் முழுநீள வர்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-இல்தான். அதற்கு முந்திய படங்களை அகலத் திரை நிறைய இழுப்பது, அந்நாளைய நடிகர்களுக்கு நாம் வலியப் போய் ஊளைச் சதை பூட்டுவதாகும்.

இரண்டாவது, சீப்புப் பற்கள். வீடியோ டேப்பில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பதிகிறது: ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறுபாதி. விநாடிக்கு 25 படம். எனவே 50 பாதிகள். பழைய குழாய் டெலிவிஷன் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. தட்டைத் திரை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிறது. இடையிலுள்ள ஐம்பதில் ஒரு விநாடியில் வீசிய கை நகர்ந்துவிடுகிறதல்லவா? அதுவே கோடாகத் தெரிகிறது. வி.எல்.ஸி.யில் 'டி' எழுத்தைத் தட்டினால் வரிகள் இணங்கிவிடும். ஆனால் உருவம் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாகத் துடித்தால், பாதிகளின் வரிசை தலைகீழாயிருக்கிறதென்று அர்த்தம். வரிசையைத் திருத்தி மறுபடி எழுத வேண்டும்.

மூன்றாவது, சதுரங்கள். முதலில் மெல்லிய துணியால் தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, வேறொரு பெட்டியிலும் போட்டுப் பாருங்கள். கோளாறு விலகினால் அழுக்கு அல்லது பெட்டி. எங்கே போட்டாலும், துடித்து ஆடும் காட்சிகளிலெல்லாம் உடைந்தால், பதிவிலுள்ள குறை. கம்ப்யூட்டர் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, முன் படத்திலிருந்து மாறியதை மாத்திரம் பெரும்பாலும் எழுதுகிறது. மணையில் மணமகள் அமர்ந்திருக்கையில் மாறுவது கொஞ்சம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போதோ இலைக்கு இலை மாறுகிறது! தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். இரண்டு மணி நேரப் படமானால் விநாடிக்கு ஏறக்குறைய 52 லட்சம் பிட் கிடைக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் 26 லட்சமே. சத்திரத்தில் ஐம்பது இலைக்குச் சமைத்து நூறு பேரை உட்கார வைப்பது போலத்தான். தட்டுக்கு இரண்டு மணிக்கு மேல் போகாதீர்கள். இருமுறை ஓட்டி எழுதும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இழந்த நுணுக்கம் தட்டிலிருந்து திரும்பி வராது. டேப்பிலிருந்தே மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அப்படி ஆரம்பிக்கையில் இன்னொன்று. 1982-இல் தூரதர்ஷன் வர்ணத்துக்கு மாறியபோது நம் தேசம் ஏற்றது 'பால்' முறை. (கறந்த பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சில புரோகிராம்களோ விநாடிக்கு 30 படமும் 480 வரியும் கொண்ட அமெரிக்க முறையை வைத்துக்கொண்டு திறக்கின்றன. அதைக் கவனியாமல் எழுதினால் 96 வரி நஷ்டம். நடையில் ஓர் இடறல் லாபம். நம் வீட்டுக் கல்யாணம் நம் நாட்டு முறையிலேயே நடக்கட்டும்.

ஆகவே தட்டைச் செய்தாயிற்றென்று டேப்பைக் கழித்துவிடாதீர்கள், மூலம் அதுதான். 1976-இல் ஜப்பானில் பிறந்த வி.எச்.எஸ். டேப்பை ஓட்டும் கருவிகளைக் கடைசியாகச் செய்துவந்த கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. வேலை செய்யும் கருவி அருகி வருகிறது. மூடுபனியும் ஈரமும் மிகுந்த மலை வீட்டு அலமாரியிலோ டேப்பில் பூசணம் பூப்பது சுலபம். பூத்த டேப்பைக் கருவியில் நுழைக்காமல் விஷயம் தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். நல்ல டேப்பை அடுத்த மழைக்காலத்துக்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். தட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்திச் செய்யலாம். மூலம் போனால் போனதுதான்.